நாற்பத்தோரு வால் வாங்கிய உடும்பு

ஒரு காட்டில் ஒருநாள் டவர் வந்து நின்றது. யார் கொண்டுவந்து நட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. காலையில் கண்ணைத் திறந்து பார்த்தால் மலை உச்சியில் நிற்கிறது. டவர் வந்த பின்னே போன் வந்தது, போன் வந்த பின்னே நெட் வந்தது, நெட் வந்த பின்னே அதுவரைக்கும் சும்மா படுத்துக்கிடந்த பிராணிகளுக்கெல்லாம் தலைக்கு மேல் வேலை வந்துவிட்டது.

நெட்டில் ஓர் இடத்துக்குப் போக வேண்டுமென்றால் அந்த இடத்தின் பெயரைப் போனில் அடிக்க வேண்டும். முதலில் ஒரு பெயர், பிறகு ஒரு புள்ளி, புள்ளிக்குப் பின்னால் ஒரு வால். அந்தக் காட்டில் ஆரம்பத்தில் இருந்தது ஒரே வால்தான், 'டாட் காடு'. இலந்தை டாட் காடு, புல் டாட் காடு, பேன் டாட் காடு என்று யார் முதலில் போய்ப் பிடித்தார்களோ அவர்களுக்குப் பெயர் சொந்தம். வருஷத்துக்கு ஒருமுறை வாடகை கட்டிவந்தால் போதும்.

அந்தக் காட்டில் பெரியண்ணன் என்று ஒரு கரடி. எந்த மரத்தில் தேன் இருக்கிறது என்பது அதற்கு அடிக்கடி மறந்துபோகும். குறித்துவைக்கலாமே என்று 'தேன் டாட் காடு' என்ற பெயரை விளையாட்டாக எடுத்துவைத்தது. ஒருநாள் மலைக்கு அந்தப் பக்கமிருந்து தேனீக் கம்பெனிக்காரர்கள் வந்து, அந்தப் பெயர் எங்களுக்குத்தான் வேண்டும் என்று முந்நூறு தண்ணீர்ச் சீட்டைக் கொட்டிக் கொடுத்து வாங்கிக்கொண்டு போனார்கள்.

தண்ணீர்ச் சீட்டு என்றால் அங்கே சாதாரண விஷயமில்லை. காட்டுக்கு இருப்பது ஒரே குட்டை. கோடையில் எல்லாரும் ஒரேயடியாக இறங்கினால் ரெண்டு நாளில் காலியாகிவிடும். அதனால் மாசி பிறந்ததும் குட்டைக் காவல் ஆமை வீட்டுக்குத் தொண்ணூறு சீட்டு என்று மூங்கில் பட்டையில் கீறிக் கொடுத்துவிடும். ஒரு சீட்டைக் கொடுத்தால் ஒரு குடும்பம் ஒரு வேளை வயிறு முட்டக் குடிக்கலாம். சீட்டு இல்லையென்றால் யானையாக இருந்தாலும் கரையில் நின்று மோந்து பார்த்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

இந்தக் கதை மாசிலாமணி என்ற உடும்பைப் பற்றியது. மாசிலாமணிக்குக் கால்கள் நாலும் நல்ல பிடி. பிடித்தால் விடாது. தலையில்தான் எதுவும் நிற்காது. இதை வேறு யாரும் சொல்லவில்லை, மாசிலாமணியே நாலு பேர் கூடுகிற இடத்தில் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வதுதான்.

அது ஒருநாள் பெண்டாட்டி தங்கபுஷ்பத்தையும் ரெண்டு குட்டிகளையும் கூட்டிக்கொண்டு சீட்டோடு குட்டைக்குப் போனது. அங்கே கரடி கழுத்துவரை தண்ணீரில் கிடந்தது.

"என்னப்பா மாசிலாமணி, முறைக்கு வந்தியா?" என்றது கரடி. "எனக்கு இன்னும் இருநூத்தி எண்பது சீட்டு கிடக்கு. எப்பக் குளிச்சுத் தீக்கப்போறேன்னே தெரியலை."

மாசிலாமணி அன்றைக்குக் குடித்த தண்ணீர் வயிற்றில் ஒட்டவில்லை. வழியெல்லாம் குட்டையைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தது.

"என்ன யோசனை?" என்று கேட்டது தங்கபுஷ்பம்.

"ஒண்ணுமில்லை. அந்தக் கரடிக்குத் தன் வீட்டுக்குப் போற வழியே தெரியாது. அதுக்கு வந்த யோகத்தைப் பாத்தியா?"

"யோகம் வந்தவங்களைப் பாத்துப் பெருமூச்சு விடுங்க, அதோட விட்டுடுங்க. பின்னாலேயே போகாதீங்க."

மாசிலாமணி பின்னாலேயே போனது. போய்ப் பார்த்தால் டாட் காடு வாலில் நல்ல பெயர் ஒன்றுகூட மிச்சமில்லை. நிழல் போயிருந்தது, எறும்பு போயிருந்தது, சாணி போயிருந்தது. 'சொறி டாட் காடு' கூடப் போயிருந்தது. அதை எடுத்துவைத்திருந்த காட்டுப்பன்றியிடம் விலை கேட்டால், "அது என் மூத்த பொண்ணு கல்யாணத்துக்குன்னு போட்டு வெச்சிருக்கேன், கேக்காதீங்க" என்றுவிட்டது.

மாசிலாமணி சோர்ந்துபோய் உட்கார்ந்திருந்த நேரத்தில்தான் புது வால்கள் வந்து இறங்கின.

பெயர் பதிகிற ஆபீஸ் ஓர் இலுப்பை மரத்தில் இருந்தது. அதை நடத்தியது மனோரஞ்சிதம் என்ற இரட்டைவால் குருவி. அன்றைக்கு மரத்தடியில் வரிசை ஓடைக்கரைவரை நின்றது. மாசிலாமணிக்கு முன்னால் தாமோதரன் என்ற முள்ளம்பன்றி நின்றதால் நாலடி இடைவெளி விட்டே நிற்க வேண்டியிருந்தது. அந்த இடைவெளியில் ஒரு முயல் வந்து நுழைந்துகொண்டு, நான் காலையிலேயே கல் போட்டு இடம் பிடித்தேன் என்றது. படிவம் மூன்று பிரதி. தகப்பன் பெயர், தங்குமிடம், வாலின் நீளம், வால் இல்லையென்றால் அதற்குக் காரணம். தவளைகள் அந்தக் கட்டத்தில் நின்றுபோய், அடுத்த கவுன்ட்டரில் கேளுங்கள் என்று அனுப்பப்பட்டுக்கொண்டிருந்தன.

மாசிலாமணியின் முறை வந்தது.

"டாட் காடு எல்லாம் தாத்தா காலத்து வால்ணே," என்றது குருவி. "இப்ப வந்திருக்கிறதைப் பாருங்க. டாட் குட்டை, டாட் பொந்து, டாட் புதர், டாட் சேறு, டாட் குளுகுளு. இன்னிக்கு வெறும் பொட்டலா தெரியும். நாளைக்கு இதான் மெயின் ரோடு."

"சேறை யாரும்மா வாங்குவா?"

"எருமைங்க வாங்கும்ணே. காட்டுல எருமை எத்தனை இருக்குன்னு ஒரு தடவை எண்ணிட்டு வாங்க."

மாசிலாமணி மனசுக்குள் எண்ணியது. நிறைய இருந்தன.

"விலை?"

"ஒரு சீட்டுக்குப் பத்துப் பேரு. நாப்பது எடுத்தா ஒண்ணு இனாம்," என்ற குருவி, இறகைக் கோதுவதற்காகக் கழுத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, "முதல் வருஷத்துக்கு மட்டும்" என்று இறகிடம் சொன்னது.

கரடி ஒரு பெயரில் முந்நூறு சீட்டு பார்த்தது. தன்னிடம் நாற்பது இருந்தால்? மாசிலாமணிக்குப் பெருக்கத் தெரியாது. ஆனால் பெரிய கணக்கு என்று மட்டும் தெரிந்தது. நிழல் டாட் பொந்து, எறும்பு டாட் புதர், யானை டாட் குளுகுளு, எருமை டாட் சேறு என்று நாற்பதையும் தேர்ந்தெடுத்து முடிப்பதற்குள் முன்னால் வாங்கிவிட்டு ஓரமாகப் படுத்த முயல் ரெண்டு தூக்கம் தூங்கி எழுந்தது. இனாமுக்கு என்ன கேட்பது என்று தெரியவில்லை. வானத்தைப் பார்த்தது. "மழை டாட் குட்டைன்னு போட்டுக்கம்மா" என்றது.

நாலு சீட்டைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது மாசிலாமணியின் நடையே மாறியிருந்தது. நாற்பத்தோரு மனைக்குச் சொந்தக்காரனின் நடை.

நல்ல நாள் பார்த்து, ராகு காலம் கழித்து, நாற்பத்தோரு இடத்திலும் ஒரே பலகையை வைத்தது. 'இந்தப் பெயர் விற்பனைக்கு. நேரில் பேசி முடிக்கலாம். தரகர்கள் அணுக வேண்டாம்.' கீழே தன் படம். படம் பிடித்த முயல் சரியாகச் சொல்லாததால் நாக்கு வெளியே நீட்டியிருந்தது. கண் பட்டுவிடக்கூடாது என்று போனுக்கு ஓர் எலுமிச்சம்பழமும் நாலு மிளகாயும் கோத்துக் கட்டியது. போன் கொஞ்சம் கனத்தது. மூன்றாம் நாள் மிளகாய் அழுகி, போனைக் காதில் வைத்தால் காது எரிந்தது. கழற்ற மனசு வரவில்லை.

தினமும் காலையில் தங்கபுஷ்பம் ஒரே கேள்வியைக் கேட்கும். "யாராச்சும் கேட்டாங்களா?"

"வந்து பாத்துட்டுப் போறாங்க. நேத்து மூணு பேர் வந்திருக்காங்க."

"அதுல ஒண்ணு நான். பகல் பூரா போனை வெச்சுக்கிட்டு என்னதான் பண்றாருன்னு பாத்தேன்."

மிச்சம் ரெண்டும் தான்தான் என்பது மாசிலாமணிக்குத் தெரியும். காலையில் ஒருமுறை, மத்தியானம் ஒருமுறை, கடை திறந்திருக்கிறதா என்று போய்ப் பார்த்துவிட்டு வருவது வழக்கம். பலகையில் தன் படத்தைப் பார்க்கும்போதெல்லாம், இந்த மூஞ்சியிடம் யார் வந்து விலை பேசுவார்கள் என்று அதற்கே தோன்றும். ஆனாலும் பார்த்துவிட்டுத்தான் வரும்.

சாயங்காலமானால் பாறை மேல் கூட்டம். மாசிலாமணி, தாமோதரன், அந்த முயல். மூன்று பேரும் ஒருவர் பெயரை மற்றவர் பார்த்து மதிப்புப் போடுவார்கள்.

"மாப்ளே, உன்னோட நிழல் டாட் பொந்து இருக்கே, அது கார்னர் மனை. கையை விட்டுடாதே" என்று தாமோதரன் சொல்லும்.

"உன்னோட முள் டாட் குளுகுளு மட்டும் என்ன, எரநூறுக்குக் குறையாது மாமா" என்று மாசிலாமணி சொல்லும்.

"வாங்கிக்கிறியா?"

"நான் வித்துட்டுத்தான் வாங்கணும்."

"நானும் அப்படித்தான்" என்று முயலும் சொல்லும். இப்படி ஒரு வருஷம் எல்லாரும் பணக்காரர்களாக இருந்தார்கள்.

மாசி வந்தது. ஆமை தொண்ணூறு சீட்டைக் கொடுத்துவிட்டுப் போன மறுநாளே குருவியிடமிருந்து செய்தி வந்தது. பெயர் ஒன்றுக்கு ஆண்டு வாடகை ரெண்டு சீட்டு. பௌர்ணமிக்குள் கட்டவில்லையென்றால் பெயர் போய்விடும்.

தங்கபுஷ்பம் கணக்குப் போட்டது. "நாப்பத்தோரு பேருக்கு எண்பத்திரண்டு. நமக்கு மிஞ்சுறது எட்டு. மழை வர மூணு மாசம் கிடக்கு. எட்டு வேளைத் தண்ணியை வெச்சுக்கிட்டு இந்த ரெண்டு குட்டிங்களை நான் என்ன பண்றது?"

"எல்லாத்தையும் கட்டுறேன்னு யார் சொன்னா? நல்லதா நாலை வெச்சுக்கிட்டு மிச்சத்தை விட்டுடுறேன்."

"சத்தியமா?"

"நான் என்ன முட்டாளா?" என்றது மாசிலாமணி. கேட்ட பிறகு கொஞ்சம் யோசித்தது. "சரி, முட்டாள்தான். ஆனா அந்த அளவுக்கு இல்லை."

ஒரு வாரம் உட்கார்ந்து எதை விடுவது என்று பட்டியல் போட்டது. எருமை டாட் சேறை அடித்தது. அடித்த கையோடு, நாளைக்கே ஓர் எருமை வந்து நின்றால் என்று தோன்றியது. அடித்ததை அழித்தது. எறும்பு டாட் புதரை அடித்தது. எறும்பு எத்தனை இருக்கிறது என்று நினைத்துப் பார்த்தது, அந்தக் கோட்டையும் அழித்தது. பௌர்ணமியன்று காலையில் நேராக இலுப்பை மரத்தடிக்கே போய்விட்டது.

"சிலதை விடணும்மா. அதுக்கு எந்தப் படிவம்?"

"விடறதுக்குப் படிவம் எதுக்குண்ணே? நீங்க ஒண்ணுமே செய்ய வேண்டாம். வீட்டுக்குப் போய்ச் சும்மா உக்காந்திருங்க, தானா போயிடும்."

மாசிலாமணி ஓர் அடி பின்னால் வைத்தது. அவ்வளவுதான் முடிந்தது. உடும்பு ஜாதிக்கு விடுவது என்பது எந்தக் காலத்திலும் வந்ததில்லை. கால் தானாக முன்னால் வந்து மரத்தைப் பிடித்துக்கொண்டது. நகம் பட்டைக்குள் இறங்கிவிட்டது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் கத்த ஆரம்பித்தார்கள்.

எண்பத்திரண்டு சீட்டையும் கட்டிவிட்டு வந்தது.

தங்கபுஷ்பம் அன்றைக்குத் திட்டவில்லை. எட்டுச் சீட்டை வாங்கிப் புற்றுக்குள் ஒரு மூலையில் வைத்து, மேலே ஒரு கல்லை வைத்தது. கல்லின் மேல் தானே படுத்துக்கொண்டது.

அதற்குப் பத்து நாள் கழித்து, முதல்முறையாக ஓர் ஆள் விலை கேட்டு வந்தது. தவளைச் சங்கத் தலைவர் வேலாயுதம். கூடவே ரெண்டு சின்னத் தவளைகள்.

"மழை எப்ப வரும்னு எல்லாரும் எங்களைத்தான் கேக்குறாங்க," என்றது வேலாயுதம். "ஒவ்வொருத்தருக்கா கத்திச் சொல்லித் தொண்டை போச்சு. நெட்டுல போட்டுடலாம்னு சங்கத்துல முடிவாயிருக்கு. உங்க மழை டாட் குட்டை எங்களுக்குப் பொருத்தமா இருக்கும். பன்னெண்டு சீட்டு தர்றோம்."

உள்ளேயிருந்து தங்கபுஷ்பம் எட்டிப் பார்த்தது. பன்னிரண்டும் எட்டும் இருபது. நாலைந்து நாளைக்கு ஒன்று என்று இழுத்தால் மழை வரைக்கும் போய்விடும். புருஷனைப் பார்த்துத் தலையை மெதுவாக ஆட்டியது.

மாசிலாமணிக்குத் தலை ஆடியது தெரிந்தது. ஆனால் கண்ணில் நின்றது கழுத்துவரை தண்ணீரில் கிடந்த கரடி.

"நானூறு" என்றது.

வேலாயுதம் கண்ணை உள்ளே இழுத்து வெளியே விட்டது. "நானூறா?"

"தேனே முந்நூறுக்குப் போச்சு. தேன் இல்லாம இருந்துடலாம். மழை இல்லாம இருப்பீங்களா?"

"பதினாலு."

"நானூறு."

"ஏம்ப்பா, உன் வீட்டுல நாக்கு வறண்டு கிடக்கு. எங்களை என்ன நானூறு கேக்குறே?"

"பொறுமையா யோசிச்சுட்டு வாங்க. நான் எங்கேயும் போயிடமாட்டேன்."

வேலாயுதம் யோசிக்கவே இல்லை. நேராக இலுப்பை மரத்தடிக்குப் போய்ப் பத்துப் பெயர் எடுத்தது. முதல் பெயர், 'மழை டாட் சேறு'. மிச்சம் ஒன்பதையும் சின்னத் தவளைகளுக்கு விளையாடக் கொடுத்தது. எல்லாம் சேர்த்து ஒரு சீட்டு.

செய்தியைத் தாமோதரன்தான் வந்து சொன்னது. மாசிலாமணிக்கு முதலில் விளங்கவில்லை.

"மழை என்கிட்டல்ல இருக்கு?"

"உன்கிட்ட இருக்கிறது குட்டை மழை. அவங்க எடுத்தது சேறு மழை. வால் வேற."

"அப்படி வேற வேற வாலை ஒட்டி எல்லாரும் எடுத்துக்கலாம்னா, நான் வெச்சிருக்கிறதுக்கு என்ன மதிப்பு?"

தாமோதரனின் முள்ளெல்லாம் மெதுவாகப் படுத்துக்கொண்டன. அதனிடமும் முப்பது பெயர் இருந்தது. அன்றைக்குச் சாயங்காலம் பாறை மேல் யாரும் யாருக்கும் மதிப்புப் போடவில்லை.

எட்டுச் சீட்டை எட்டு நாளைக்கு ஒன்றாக இழுத்தார்கள். நடுவில் இலைமேல் நிற்கிற பனியை நக்கினார்கள். சித்திரை முடியும்போது சீட்டும் முடிந்தது, பனியும் முடிந்தது. சின்னக் குட்டி எழுந்திருக்காமல் படுத்தே கிடந்தது. தங்கபுஷ்பம் அதன் நாக்கைத் தன் நாக்கால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது.

அந்த நேரத்தில்தான் ஓர் அதிசயம் நடந்தது. ஒருநாள் காலையில் மாசிலாமணி தன் மழை டாட் குட்டையைப் போய்ப் பார்த்தால், வந்துபோனவர்கள் நூற்றுப் பதினேழு. மத்தியானம் இருநூறைத் தாண்டியது. பொழுது சாய்வதற்குள் நானூற்றுப் பன்னிரண்டு.

"தங்கம், இங்க வந்து பாரு. நானூத்திப் பன்னெண்டு பேரு. நான் கேட்ட விலையை விடப் பன்னெண்டு ஜாஸ்தி."

"யாராச்சும் கேட்டாங்களா?"

"நாளைக்குக் கேப்பாங்க."

விஷயம் என்னவென்றால், வெயில் தாங்காமல் காடே தவித்ததைப் பார்த்து ஆமை ஒரு முடிவு எடுத்திருந்தது. வடக்குப் பாறையில் பூட்டி வைத்திருந்த சுனையை ஒரே ஒரு நாள் திறந்துவிடுவது, சீட்டு வேண்டாம், யார் வேண்டுமானாலும் வந்து குடிக்கலாம். அந்தச் செய்தியைத் தவளைகள் மழை டாட் சேறில் போட்டிருந்தன. ஆனால் மழை என்றதும் கை தானாக அடிப்பது குட்டையைத்தான். சேறு யாருக்கு ஞாபகம் இருக்கும்? பாதிக் காடு மாசிலாமணியின் இடத்துக்கு வந்து, பலகையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருந்தது. மாசிலாமணி அந்தச் சேறு பக்கத்தை வைராக்கியமாகப் பார்ப்பதே இல்லை. தங்கபுஷ்பமும் புருஷனுக்காகப் பார்ப்பதில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் முயல் முகம் நனைந்து அந்த வழியாக வந்தது. "என்னண்ணே, சுனைக்கு நீங்க வரலையா?"

குட்டிகளைத் தூக்கிக்கொண்டு ரெண்டு பேரும் ஓடினார்கள். போய்ச் சேர்ந்தபோது சுனையில் ஈரமான மண்தான் இருந்தது. சின்னக் குட்டியை அதன்மேல் படுக்கவைத்தார்கள். பெரிய குட்டி நக்கியது. மாசிலாமணியும் தங்கபுஷ்பமும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நக்கினார்கள்.

மறுநாள் காலையில் புற்று வாசலில் எறும்பு தின்கிற ஒரு கிழட்டு அழுங்கு வந்து நின்றது. மூக்காயி என்று பெயர். உடம்புச் செதில் ஓடு ஓடாகத் தொங்கியது. நடக்கவே முடியவில்லை.

"அந்த மழை டாட் குட்டை ஆளு நீதானா அய்யா?"

"ஆமாம்மா. விலை விசாரிக்கவா?"

"நான் எங்கய்யா விலை விசாரிக்க? நேத்துப் பதினோரு தடவை உன் இடத்துக்கு வந்து பாத்தேன். ஒவ்வொரு தடவையும் ஒரு படம் வருது. நாக்கை நீட்டிக்கிட்டு ஓர் ஆளு. சரி, தண்ணி இல்லை, இப்படித்தான் நாக்கைத் தொங்கப்போட்டுக்கிட்டுக் கிடக்கணும்னு சொல்றாங்க போலன்னு வீட்டுலேயே இருந்துட்டேன். அப்புறம்தான் சொல்றாங்க, சுனையைத் திறந்தாங்களாமே."

மாசிலாமணி எண்ணிப் பார்த்தது. நானூற்றுப் பன்னிரண்டில் பதினொன்று இந்தக் கிழவி. மிச்சப்பேர் என்ன ஆனார்கள் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

"உக்காருங்கம்மா" என்று நிழலில் உட்காரவைத்துவிட்டு, போனை எடுத்தது. வாழ்க்கையில் முதல்முறையாக விலையைப் பற்றி யோசிக்கவில்லை. 'விற்பனைக்கு' என்ற பலகையை மழை டாட் குட்டையிலிருந்து எடுத்தது. தன் படத்தையும் எடுத்தது. அங்கே பெரிதாக எழுதியது. 'மழைச் செய்தி இங்கே இல்லை. மழை டாட் சேறு என்று அடிக்கவும். தவறாக வந்தவர்கள் மன்னிக்கவும்.'

எழுதி முடித்ததும் மனசு லேசாக இருந்தது. தாகம் அப்படியேதான் இருந்தது.

ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. வேலாயுதம் வந்துவிட்டது. இந்தமுறை ஆறு தவளைகள் கூட. ஆறும் தலைக்கு ஒரு கட்டு சுமந்திருந்தன. கட்டுகளைப் பார்த்த தங்கபுஷ்பம் எழுந்து வெளியே வந்தது. அத்தனையும் தண்ணீர்ச் சீட்டு.

"மாசிலாமணி, எங்க சங்கத்துக்குப் பெரிய கெட்ட பேராகிப்போச்சு," என்றது வேலாயுதம். "செய்தி போட்டும் பாதிப் பேருக்குப் போய்ச் சேரலை. எல்லாம் உன் குட்டைக்கு வந்து திரும்பிட்டாங்க. ஆமை வேற சத்தம் போடுது. வேற வழியில்லை, உன் பேரை வாங்கிடுறதுன்னு தீர்மானம் போட்டு, முப்பது சீட்டு கொண்டாந்திருக்கோம்."

மாசிலாமணிக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. முப்பது.

"நீ கேக்கறதுக்கு முன்னாலேயே சொல்லிடுறேன், நாப்பது வரைக்கும் போகலாம்னு சங்கத்துல அனுமதி இருக்கு," என்று சொல்லிக்கொண்டே வேலாயுதம் போனைத் திறந்தது. "கடைசியா ஒரு தடவை பாத்துக்கறேன்." பார்த்தது. கண்ணை உள்ளே இழுத்தது, வெளியே விட்டது. "அட, நீயே வழி போட்டுட்டியா?"

"ஆமா. இப்பத்தான்."

"எங்க பக்கத்துக்கே அனுப்புறே."

"ஆமா."

வேலாயுதம் மற்ற தவளைகளைப் பார்த்தது. மற்ற தவளைகள் வேலாயுதத்தைப் பார்த்தன. "அப்புறம் எதுக்கு நாங்க வாங்கணும்?" என்றது மெதுவாக. பிறகு கையைப் பிடித்துக் குலுக்கியது. "பெரிய மனசுப்பா உனக்கு. சங்கத்துல சொல்றேன்." ஆறு தவளைகளும் கட்டுகளை மறுபடி தலையில் ஏற்றிக்கொண்டன.

தங்கபுஷ்பம் புருஷனை ஓர் ஓரமாக இழுத்தது. குரல் தணிந்துதான் இருந்தது.

"ஒரு வருஷத்துக்கு மேலா உங்க பேராசையோட நான் குடித்தனம் பண்றேன். காலையில எழுந்தா பேராசை, படுத்தா பேராசை. இன்னிக்கு ஒரு நாள் வேணும்னு இருந்தப்ப அது எங்க போச்சு?"

"அந்தக் கிழவி வந்து நின்னுச்சு தங்கம். அதான்."

"ஒரு மணி நேரம் தள்ளி நின்னிருக்கக்கூடாதா?"

மாசிலாமணி தலையைக் குனிந்துகொண்டது. ஆசைப்படத் தெரிந்த அளவுக்கு அதற்கு நேரம் பார்க்கத் தெரியவில்லை. இப்போது நல்லது செய்யவும் தெரியவில்லை என்று ஆகிவிட்டது.

தங்கபுஷ்பம் சின்னக் குட்டியை ஒருமுறை பார்த்தது. பிறகு வாசலுக்கு வந்தது.

"தலைவரே, ஒரு நிமிஷம். அந்தப் பலகையை வெச்சது யாரு?"

"உன் வீட்டுக்காரர்தாம்மா. பெரிய மனசு."

"பெரிய மனசுதான். ஆனா தண்ணி குடிச்சுப் பல நாளாச்சு. கை நடுங்குது பாருங்க. நடுங்குற கையில போனை வெச்சிருக்காரு. விரல் எங்க பட்டு எது அழியும்னு எனக்கே தெரியலை."

வேலாயுதம் நின்றது. "அழியாம பாத்துக்கச் சொல்லும்மா."

"சொல்லுவேன். காதுல விழணுமே. தாகத்துல காதும் அடைச்சிருக்கு. பழைய படம் வேற பத்திரமா வெச்சிருக்காரு, நாக்கை நீட்டிக்கிட்டு. அது மறுபடி வந்துடுச்சுன்னா, அடுத்து நீங்க என்ன செய்தி போட்டாலும் பாதிக் காட்டுக்கு இவர் மூஞ்சிதான் தெரியும்."

"இது மிரட்டல் மாதிரி இருக்கே."

"ஐயோ, மிரட்டலா? உதவி பண்ணிட்டு, அது நிலைச்சு நிக்கணுமேன்னு கவலைப்படுறோம்."

ஆறு தவளைகளும் கட்டுகளைக் கீழே இறக்கின.

"எவ்வளவு?" என்றது வேலாயுதம்.

"மழைக்கு இன்னும் இருபத்திரண்டு நாள்னு நேத்து உங்க பக்கத்துல நீங்களே போட்டிருக்கீங்களாம். ஒரு நாளைக்கு ஒண்ணு. இருபத்திரண்டு சீட்டு. அதுக்கு மேல வேண்டாம். அந்தக் கிழவிக்கு இப்ப உடனே ஒண்ணு. அந்தப் பேருக்கு வருஷ வாடகை ரெண்டு சீட்டு வரும், அது இனிமே சங்கம் கட்டிடணும். பேர் எங்ககிட்டயே இருக்கட்டும்."

"பேரும் உங்களுக்கு, சீட்டும் உங்களுக்கு. எங்களுக்கு என்னம்மா கிடைக்குது?"

"பலகை அப்படியே இருக்கும்."

வேலாயுதம் ரொம்ப நேரம் தொண்டையை உப்பவைத்து உப்பவைத்து விட்டது. கடைசியில் எண்ணிக் கொடுத்துவிட்டுப் போனது. போகும்போது பெரிய மனசைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

குட்டையில் அன்றைக்குக் குடித்தார்கள். மூக்காயியும் குடித்தது. சின்னக் குட்டி முதலில் நாக்கை மட்டும் நனைத்தது, பிறகு மூஞ்சியை முக்கியது, பிறகு உள்ளே இறங்கி வெளியே வரமாட்டேன் என்றது. மாசிலாமணி வயிறு நிறைந்த பிறகு மெதுவாகக் கேட்டது.

"தங்கம், பேரை நீ விக்கலையே?"

"விக்கலை."

"பின்ன எதைத்தான் வித்தே?"

"பலகையை எடுக்கமாட்டோம்னு வித்தேன்."

மாசிலாமணி அதை வீட்டுக்குப் போகிறவரைக்கும் யோசித்தது. நாற்பத்தோரு பெயரைக் காட்டி ஒரு சீட்டுகூட வாங்க முடியாத தன்னை நினைத்தது. இல்லாத ஒன்றை இருபத்து மூன்று சீட்டுக்கு விற்றுவிட்டு முன்னால் நடந்து போகிற பெண்டாட்டியை நினைத்தது. அதற்குச் சிரிப்பு வந்தது. தன்னைப் பார்த்துத்தான்.

இந்தச் செய்தி எப்படியோ காடு முழுக்கப் பரவிவிட்டது. ஒரு வாரத்துக்குள் அணில் ஒன்று ஆமையிடம் போய், இனிமேல் தான் விதைகளை மண்ணில் புதைப்பதாக இல்லை என்று மனு கொடுத்தது. மரங்கொத்தி பட்டைப் புழுக்களை அப்படியே விட்டுவைக்கலாமா என்று யோசிப்பதாகச் சொன்னது. மண்புழுக்கள் இன்னும் பேசவில்லை, ஆனால் கூட்டம் போட்டிருக்கின்றன. ஆமை எல்லாருக்கும் சீட்டு கீறிக்கொண்டிருக்கிறது.

நீதி: நல்லது செய்யுங்கள், தப்பில்லை. செய்து முடித்த கையோடு, அதை நிறுத்தலாமா என்று யோசிப்பதாகவும் நாலு பேர் காதில் விழச் சொல்லிவையுங்கள். செய்ததற்கு நன்றி கிடைக்கும். அதைக் குடிக்க முடியாது. நிறுத்தாமல் இருப்பதற்குத்தான் தண்ணீர் கிடைக்கும்.